ஏழாவது டிஸ்க்கும் அதன் பக்கத்து வீட்டுக்காரனும்

அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவளுக்குச் சுடுதண்ணி என்று பெயர். வைத்தவள் ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் அக்கா. "கிட்ட போனா சுடும், ஆனா எல்லாருக்கும் வேணும்" என்று பெயருக்கு விளக்கமும் சொல்லியிருந்தாள். நம்மவளுக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போனாள். போனதால் பெயர் நிலைத்துவிட்டது.

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் அவள். அம்மா ஒரு துணி ஆலையில் சட்டைக் காலர் தைக்கிறவள். அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பாடத்தில் சந்தேகம் வந்தால் வீட்டில் கேட்க ஆள் கிடையாது. ஆகவே எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கமே அவளுக்கு வரவில்லை. படித்துத்தான் தெரிந்துகொண்டாள். புது இயந்திரம் ஒன்று வந்து இறங்கினால் அதன் கையேட்டை முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை படித்துவிடுவாள். படித்ததோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. படிக்காதவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். அந்த ஆஸ்பத்திரியில் கையேடு படிக்கிறவள் அவள் ஒருத்திதான் என்பதால் நாள் முழுக்கப் பற்றிக்கொண்டே இருந்தாள்.

வீட்டிலும் நிம்மதியில்லை. 'மகளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை' என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்ததில், மூட்டு வலிக்கு மாத்திரை கேட்டு ஆட்கள் வந்து நிற்பார்கள். "நான் டாக்டர் இல்லங்க, கம்ப்யூட்டர்" என்பாள். "அதனால என்னம்மா, கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லேன்" என்பார்கள்.

இந்த முறை அவள் கையிலெடுத்த சண்டை ஸ்டோரேஜ் பற்றியது.

ஆஸ்பத்திரியில் எடுக்கிற ஸ்கேன் படம், எக்ஸ்ரே படம் எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஆளுயர இரும்பு அலமாரி ஒன்று. அதில் வரிசையாக டிஸ்குகள் செருகியிருக்கும். ஒவ்வொரு படத்தையும் அது துண்டு துண்டாக்கிப் பல டிஸ்குகளில் பிரித்து வைக்கும். ஒரு டிஸ்க் செத்தால் மற்றவை சேர்ந்து அதன் பங்கைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். இரண்டு செத்தாலும் மூச்சைப் பிடித்துச் சமாளிக்கும். மூன்றாவதும் செத்தால் அத்தனை படமும் காற்றோடு போகும்.

அந்த டிஸ்குகளைச் செய்தவர்களிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்திருந்தது. டிஸ்க்குக்குள்ளேயே ஓடுகிற ஃபர்ம்வேர் என்ற மென்பொருளில் ஒரு கோளாறு. இத்தனை மணி நேரம் என்று ஒரு கணக்கு. அவ்வளவு ஓடி முடித்ததும் டிஸ்க் நின்றுவிடும், பிறகு எழுந்திருக்காது. புது ஃபர்ம்வேர் போட்டுவிட்டால் கவலையில்லை. இந்த அலமாரியிலிருந்த அத்தனை டிஸ்கும் ஒரே நாளில் ஓட ஆரம்பித்தவை. ஆகவே அத்தனையும் ஒரே நாளில் சாகும். அந்த நாள் அதிக தூரத்தில் இல்லை.

பிரிவின் மேனேஜருக்கு 'அப்புறம் சார்' என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை.

"ஓடிட்டிருக்கறதை ஏம்மா தொடணும்? அப்புறம் பாக்கலாம்."

"அப்புறம்னா எப்ப சார்? அது செத்து காரியம் முடிஞ்ச பிறகா?"

"எடுத்த எடுப்புல ஏன் சாவுங்கறே?"

"நானா சொல்றேன்? செஞ்சவனே எழுதிக் குடுத்திருக்கான். படிச்சீங்களா சார்?"

சார் கூரையைப் பார்த்தார். அவர் படிக்கவில்லை என்பது கூரைக்கும் தெரிந்திருந்தது.

பல கூட்டங்கள் இப்படியே போயின. ஒரு கூட்டத்தில் மேசையைத் தட்டினாள். தண்ணீர் பாட்டில் உருண்டது. கடைசியில் சார் இறங்கி வந்தார். அப்படியானால் வழக்கம்போல ராத்திரியில் செய்துவிடலாம் என்றார். அதற்கும் விடவில்லை.

"ராத்திரி வேண்டாம் சார். தூக்கக் கலக்கத்துலதான் எல்லாத் தப்பும் நடக்குது. ஞாயித்துக்கிழமை பகல்ல, கூட்டம் இல்லாதப்ப செய்வோம். முழிச்சிருக்கறவங்க செய்யட்டும்."

'முழிச்சிருக்கறவங்க' என்று சொல்லும்போது அவரைப் பார்த்த பார்வை அறையில் எல்லாருக்கும் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முழித்திருந்தவள் நன்றாகத் தூங்கி எழுந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். பின்னால் நடந்ததற்குப் பசி, தூக்கம் இரண்டின் மேலும் பழி போட முடியாமல் போனது இப்படித்தான்.

ஆரம்பம் குறை சொல்ல முடியாதது. நேற்று வரையான படங்களின் நகல் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தாள். இருப்பதாகத் திரை சொன்னதை நம்பாமல், ஒரு பழைய படத்தை நகலிலிருந்து திரும்ப எடுத்துத் திறந்து பார்த்தாள். யாருடையதோ முழங்கால், தெளிவாக இருந்தது. மொத்தப் படத்தையும் அந்த நகலிலிருந்து மீட்க நேர்ந்தால் ஒரு வாரம் பிடிக்கும், அதுவரை டாக்டர்கள் பழைய படம் எதையும் பார்க்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். எந்த டிஸ்க்காவது ஏற்கெனவே நோயில் கிடக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. எல்லாம் பச்சை.

எல்லா டிஸ்கிலும் ஒரே மூச்சில் ஏற்றுகிற பொத்தான் ஒன்றும் திரையில் இருந்தது. அதை அவள் தீண்டத் தயாராக இல்லை. பத்திரமான வழி, ஒரு நேரத்தில் ஒரு டிஸ்க். புது ஃபர்ம்வேர் ஏறும்போது டிஸ்க் கொஞ்ச நேரம் கண்ணை மூடும். எழுந்து, விட்டுப்போனதை மற்ற டிஸ்குகளிடம் கேட்டு எழுதிக்கொள்ளும். மறுபடி பச்சை வந்த பிறகுதான் அடுத்தது. ஒன்று எழுந்திருக்கவில்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அப்படியும் வரவில்லை என்றால் அலமாரி கம்பெனிக்குப் போன் செய்ய வேண்டும். கையேடு இதைத் தடித்த எழுத்தில் சொல்லியிருந்தது. அவள் இதைப் பலருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறாள், அவர்கள் கேட்காமலேயே.

முதல் சில டிஸ்குகள் சொன்ன சொல் கேட்டன. கண்ணை மூடின, எழுந்தன, பச்சை காட்டின. நடுவில் அம்மா போன் செய்தாள்.

"என்னடி, ஞாயித்துக்கிழமைகூட வீட்ல இல்ல. ஆபரேஷனா?"

"அம்மா, நான் ஆபரேஷன் பண்றவ இல்ல."

"தெரியும்டி. கீழ் வீட்டு அண்ணன் கேட்டாரு. ஆபரேஷன்ல இருக்கான்னு சொல்லிட்டேன்."

"அய்யோ, ஏம்மா?"

"வேற என்ன சொல்றது? நீ என்ன பண்றேன்னு எனக்கே புரிய மாட்டேங்குதே."

போனை வைத்துவிட்டு யோசித்தாள். ஒரு வகையில் அம்மா சொன்னது பொய்யும் இல்லை. ஓடுகிற இதயத்தை நிறுத்தாமல் ஒவ்வொரு துண்டாக மாற்றுவதுபோல்தானே இது? அந்த நினைப்பு அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தலைக்கு மேல் ஏதோ ஒளிவட்டம் இருப்பதாகக்கூடத் தோன்றியிருக்கலாம்.

திரையில் ஏழு என்று எண் போட்டிருந்த டிஸ்க் கண்ணை மூடியது. எழுந்திருக்கவில்லை.

காத்திருந்தாள். அதாவது, மற்றவர்கள் காத்திருப்பதுபோல் இல்லாமல், திரையை முறைத்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, "எந்திரி, எந்திரி சனியனே" என்று முணுமுணுத்துக்கொண்டு. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்கேன் அக்கா வந்தாள்.

"ஏய் சுடுதண்ணி, படம் நகர மாட்டேங்குது. வண்டியில இருந்து விழுந்த ஆளு ஒருத்தரு வந்திருக்காரு. அவரோட பழைய தலை ஸ்கேனைக் கேட்டு டாக்டர் குதிக்கிறாரு."

"வரும்க்கா. மெதுவா வரும். ஒண்ணு மட்டும் தூங்குது."

"ஞாயித்துக்கிழமை பாத்து தூங்குதா? எழுப்பு."

எழுப்பு. அவளுக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. டிஸ்க்கை வெளியே உருவி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி செருகினால் சில சமயம் எழும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தாள். கேள்விப்பட்டிருந்தாள் என்பதைக் கவனிக்க வேண்டும். வாழ்நாளில் அவள் படிக்காமல் நம்பியது அது ஒன்றுதான்.

பக்கத்து அறைக்குள் விடுவிடுவென்று போனாள். குளிரும் மின்விசிறி இரைச்சலுமாக அலமாரி நின்றது. திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் எந்த டிஸ்க்கோ அதன் மேல் ஒரு விளக்கு சிமிட்டிக் காட்டும். அது எண்ணத் தெரியாதவர்களுக்கான வசதி என்பது அவள் கருத்து. இரும்பில் 7 என்று அச்சிட்ட இடத்தைக் கண்டாள். கொக்கியை நெம்பினாள். உருவினாள்.

கையிலிருந்த டிஸ்க் வெதுவெதுப்பாக, உள்ளுக்குள் சுற்றிக்கொண்டு, உயிருள்ள பிராணிபோல் மணிக்கட்டை ஒரு பக்கம் இழுத்தது. தூங்குகிறவன் எதற்கு இப்படித் துள்ளுகிறான் என்று மூளை கேட்டது. பதில் வருவதற்குள் அலமாரி கூவ ஆரம்பித்தது.

திரை சைபரிலிருந்து எண்ணும். இரும்பிலிருக்கும் எண்கள் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். திரையின் ஏழு, இரும்பில் எட்டு. கையேட்டில் இருக்கிறது. அந்த வரிக்கு அவளே மஞ்சள் கோடு போட்டிருக்கிறாள். அவள் இப்போது கையில் வைத்துக்கொண்டு நின்றது, எந்தப் பாவமும் அறியாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரனை.

ஒன்று தூங்குகிறது, ஒன்று அவள் கையில். இன்னும் ஒன்று போனால் வண்டியிலிருந்து விழுந்தவரின் தலையிலிருந்து யாருடையதோ முழங்கால் வரை எல்லாம் ஒரு வாரத்துக்குப் போகும்.

"என்னடி சத்தம் அது?" அக்கா வாசலில் நின்றாள்.

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லன்னா உன் மூஞ்சி ஏன் சுண்ணாம்படிச்ச மாதிரி இருக்கு?"

"அக்கா, தயவு செஞ்சு எதையும் தொட்டுறாதீங்க."

"நான் எங்கடி தொட்டேன்? நீதான் எதையோ புடுங்கிக் கையில வெச்சுட்டு நிக்கிறே."

உருவியதைத் திரும்பச் செருகினாள். அலமாரி அதைப் பழைய ஆளாக ஏற்றுக்கொள்ளவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போனவன் என்று முடிவுகட்டி, புது ஆளாகச் சேர்த்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தது. முடிய எப்படியும் மறுநாள் ஆகும்.

திரைக்கு ஓடிவந்தாள். அவள் உட்கார்வதற்குள் ஏழாவது டிஸ்க் தானாகவே எழுந்தது. புது ஃபர்ம்வேரோடு, சோம்பல் முறித்துக்கொண்டு, என்ன நடந்தது என்று கேட்பதுபோல் விட்டதைப் பிடித்துக்கொண்டு பச்சைக்கு வந்தது. அதற்கு ஒன்றுமே இல்லை. கொஞ்சம் மெதுவாக எழுகிற ஜென்மம், அவ்வளவுதான். இன்னும் ஒரு வாய் தேநீர் குடிக்கிற நேரம் அவள் சும்மா இருந்திருந்தால் போதும்.

தலை ஸ்கேன் திறந்தது. அக்கா போனில் டாக்டரிடம் பேசிவிட்டு, "வந்துடுச்சாம்" என்று சொல்லி, இவள் முகத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் போனாள்.

இப்படி ஏதாவது நடந்தால் கம்பெனியின் உதவி எஞ்சினியருக்குச் சொல்லியாக வேண்டும். போன் செய்தாள். முறைப்படி சாரையும் இணைப்பில் சேர்த்தாள். சார் வீட்டிலிருந்து பேசினார். பின்னால் குழந்தைகள் எதற்கோ அடித்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சினியர் இளம் குரல், பொறுமையான குரல். அலமாரி அனுப்பிய பதிவுகளை அவன் தன் திரையில் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மேடம், ஒரே குரூப்ல ரெண்டு டிஸ்க் அடுத்தடுத்து காணோம்னு காட்டுது. ரெண்டும் அப்டேட் நேரத்துலதானே போச்சு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேன். ஓடிட்டிருக்கறதைத் தொடாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

"ரெண்டு டிஸ்க்னா சீரியஸ் மேடம்" என்றான் எஞ்சினியர். "நீங்க ஆமான்னு சொன்னா இந்த ஃபர்ம்வேரை நிறுத்தச் சொல்லி நான் மேல எழுதணும். இன்னிக்கே எல்லா கஸ்டமருக்கும் 'யாரும் போடாதீங்க'ன்னு மெயில் போயிடும்."

ஆமா. இரண்டே எழுத்து. அதில் பொய்கூட இல்லை. இரண்டும் அந்த நேரத்தில்தான் போயின. சொல்லிவிட்டால் பழி எங்கோ உட்கார்ந்து ஃபர்ம்வேர் எழுதியவன் தலையில் போய் விடியும். அவன் யாரென்று யாருக்கும் தெரியாது. நாளைக்கு அவள் வழக்கம்போல மேசையைத் தட்டலாம்.

அந்த மெயில் போய்ச் சேரும் இடங்களை நினைத்துப் பார்த்தாள். இதே டிஸ்குகள் இன்னும் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் ஓடிக்கொண்டிருக்கும். சிலவற்றுக்குக் கணக்கு இதைவிடச் சீக்கிரம் முடியும். அங்கேயும் யாராவது ஒருத்தி கத்திக் கத்தித் தொண்டை வற்றி, இப்போதுதான் அனுமதி வாங்கியிருப்பாள். மெயிலைக் காட்டி அங்கிருக்கும் ஓர் அப்புறம் சார், 'பாத்தியா?' என்பார். ஒருநாள் எல்லா டிஸ்கும் ஒன்றாக நிற்கும்.



"மேடம்?"

"ஒண்ணு மெதுவா எழுந்துச்சு. இப்ப நல்லா இருக்கு. இன்னொண்ணு... வெளிய வந்துடுச்சு."

"வெளியன்னா?"

"அலமாரியை விட்டு வெளிய."

"எப்படி மேடம் வரும்?"

"கையால."



"யார் கையால மேடம்?"

"என் கையாலதான். நான்தான் உருவினேன். தப்பான டிஸ்க். ஸ்கிரீன் ஏழுன்னு சொல்லிச்சு, நான் இரும்புல இருந்த ஏழை உருவிட்டேன்."

"ஓ. ஸ்கிரீன்ல சைபர்லேர்ந்து எண்ணணும் மேடம். கையேட்ல இருக்கு."

"தெரியும். படிச்சிருக்கேன்."

"படிச்சிருக்கீங்களா?"

"கோடு போட்டே படிச்சிருக்கேன். நீங்க அப்படியே எழுதிக்கங்க."

அவன் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. நிதானமாக, ஒரு எழுத்தும் விடாமல் அடித்தான் பாவி. எழுதியதை வாசித்தும் காட்டினான். 'வாடிக்கையாளர் தவறான டிஸ்க்கை வெளியே எடுத்தார். ஃபர்ம்வேரில் குறை இல்லை.' சரிதானா என்று கேட்டான். சரி என்றாள். அவள் பெயரைக் கேட்டான். சொன்னாள். எழுத்துக்கூட்டச் சொன்னான். கூட்டினாள்.

சார் தொண்டையைச் செருமினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் திட்டியிருந்தால் தேவலை.

"சரிம்மா. இத்தோட நிறுத்திடு. மிச்சத்தை அப்புறம் பாக்கலாம்."

வழக்கமாக இந்தச் சொல்லைக் கேட்டதும் உள்ளே ஏதோ கொதித்துத் தளும்பும். இப்போது தேடிப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. கோபப்படுவதற்குக் கொஞ்சமாவது யோக்கியதை வேண்டும் போலிருக்கிறது. அவளுடையது காலையிலேயே தீர்ந்துவிட்டது. இனி வெறும் காரணத்தை மட்டும் வைத்துப் பேச வேண்டும். அது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

"சார், தப்பு என்னோடது. நான் முட்டாள்தனம் பண்ணேங்கறதுக்காக அந்த டிஸ்குங்க சாகாம இருக்கப் போறதில்ல. மிச்சம் இருக்கறதுக்குப் பழைய ஃபர்ம்வேர்தான் இன்னும். நாளைக்கு இது பச்சைக்கு வந்துடும். அடுத்த ஞாயிறு மிச்சத்தை முடிச்சாத்தான் தப்பிப்போம். என்னைத் திட்டணும்னா திட்டுங்க. வேலையை வேற யார்கிட்ட வேணா குடுங்க. நிறுத்த மட்டும் வேண்டாம் சார்."

"ஹலோ? லைன்ல இருக்கியாம்மா? சத்தமே கேக்கல."

"இருக்கேன் சார். பேசிட்டுத்தான் இருந்தேன்."

"நீதானா அது?" சார் நிஜமாகவே குழம்பியிருந்தார். அவள் இன்னொரு முறை எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

சொல்லி முடித்ததும் அவர் எஞ்சினியரிடம், "இந்தப் பொண்ணு சொல்றது சரியா தம்பி?" என்று கேட்டார்.

"சரிதான் சார். டிஸ்க் உருவினதைத் தவிர மத்ததெல்லாம் சரியாதான் பண்ணியிருக்காங்க."

"வேற யார்கிட்ட குடுக்கறது? எனக்கு அந்த ஸ்கிரீனைப் பாத்தாலே தலை சுத்துது" என்றார் சார். "நீயே செய். ஆனா அடுத்த ஞாயிறு நான் வந்து பக்கத்துல உக்காருவேன். என்ன செய்யப் போறியோ அதை முதல்ல வாயால சொல்லு. நான் சரின்னா செய்."

"உங்களுக்கு இதுல ஒண்ணும் தெரியாதே சார்." பழக்கதோஷத்தில் வாய் முந்திவிட்டது.

"தெரியாதுதான். எனக்குப் புரியற மாதிரி சொல்லிட்டு செய்யறதுக்குள்ள உனக்குக் கொஞ்சம் ஆறிடும்ல?"

மறுநாள் அலமாரி பச்சைக்கு வந்தது. வாரநடுவில் கம்பெனி எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரு மெயில் அனுப்பியது. ஃபர்ம்வேரைத் தாமதிக்காமல் போடுங்கள் என்று மறுபடி வலியுறுத்தியிருந்தது. கீழே புதிதாக ஒரு வரி: ஒரு வாடிக்கையாளரிடத்தில் தவறான டிஸ்க் வெளியே எடுக்கப்பட்டது, விளக்கு சிமிட்டுவதைப் பார்க்காமல் எதையும் தொட வேண்டாம். சார் அதைப் பிரிவு முழுவதற்கும் அனுப்பி வைத்தார். ஸ்கேன் அக்கா அச்செடுத்துத் தன் அறைக் கதவில் ஒட்டினாள். "உங்க ரூம்ல டிஸ்க்கே இல்லையேக்கா" என்றதற்கு, "அழகா இருந்துச்சு, ஒட்டினேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு சார் சொன்னபடி வந்தார், குளிருக்குக் கம்பளிச் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு.

"சார், இப்ப ஸ்கிரீன்ல எட்டு. இரும்புல ஒம்பது. நான் விளக்கை சிமிட்ட வைக்கறேன். போய்ப் பாத்துச் சொல்லுங்க."

அவர் போய் அலமாரி முன் நின்று, "சிமிட்டுது!" என்று கத்தினார்.

"எதுல சார்?"

"எண்ணணுமா?"

"எண்ணாதீங்க. அதுமேல எழுதியிருக்கறதைப் படிங்க."

"ஒம்பது!"

திரும்பி வந்து உட்கார்ந்தார். அவள் ஃபர்ம்வேரை ஏற்றினாள். டிஸ்க் கண்ணை மூடியது. திரையில் அந்தக் கட்டம் சாம்பல் நிறமாகி, அப்படியே இருந்தது. ஏழாவதுபோலவே இதுவும் மெதுவாக எழுகிற ஜாதியாக இருக்க வேண்டும். சார் அவளைப் பார்த்தார். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் திணித்து, மேலே அழுந்த உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, குளிருதா?"

"இல்ல சார். சும்மா இருக்கட்டும்னு பிடிச்சு வெச்சிருக்கேன்."